சொந்தக்காரி

வீடு ஒன்று வாங்கப்போகிறேன் என்று வாய் திறந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆருக்கு?"

மட்டக்களப்பில் இது குதர்க்கமான கேள்வி அல்ல. இங்கே வீடு என்றால் அது ஒரு பெண்பிள்ளைக்கு. பெண் பிறந்ததும் தகப்பன் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவான். கலியாணத்தோடு வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அவர்களுக்கான வீட்டை எங்கோ இரண்டு மாமனார்கள் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. அப்படியிருக்க எனக்கு ஏன் இரண்டாவது வீடு? "வாடகைக்குக் குடுக்க" என்று சொன்னால், ஏதோ கூடாத தொழில் தொடங்கப்போகிறேன் என்பதுபோல் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். விடிய ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் சனத்தின் கைகளில் ஊசி குத்துவது என் தொழில். பதினெட்டு வருஷம் குத்திச் சேர்த்த காசு வங்கியில் கிடந்தது. எல்லாச் சாமானும் விலையேறிய வருஷங்களில் அது கிடந்த இடத்திலேயே கரைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் கைபேசியில் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் எனக்கு அகப்பட்டார். வீடு வாங்கி விற்பது எப்படி, முதல் வீட்டை எப்படித் தெரிவு செய்வது என்று தினமும் பாடம் நடத்துவார். "நண்பர்களே, வீடு பார்க்கப் போகும்போது உங்கள் மனசைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுங்கள்" என்பது அவருடைய முதல் பாடம். சோறு வடிக்கும்போதும் காதில் அவர்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

பிறகு ஒரு தரகர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு கைபேசி, வாய் நிறைய வெற்றிலை. விற்கிறவனிடமும் தரகு, வாங்குகிறவனிடமும் தரகு. சுவரைத் தேங்காய் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்து, "கல்லு கல்லுத்தான் மிஸ்" என்பார். ஊசி குத்துகிறவளையும் பாடம் படிப்பிக்கிறவளையும் எங்கள் ஊரில் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் காட்டிய முதல் வீட்டில் சுவருக்கு இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ற். அதற்கு மேலே பழைய மஞ்சள். வெள்ளம் ஏறுமா என்று கேட்டேன். "ஏறவே ஏறாது" என்று சத்தியம் பண்ணினார். கதவு நிலையைக் கை நகத்தால் சுரண்டினால் சேறு வந்தது. அடுத்தது ஆற்றங்கரையில் ஒரு வளவு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கண்டல் மரங்களை வெட்டி, குப்பையைக் கொட்டி, மேலே ஒரு நாலு லோட் கிரவல் போட்டு மூடிய நிலம். நடந்தால் காலுக்குக் கீழே மெத்தைபோல அமுங்கியது. பிளாஸ்டிக் பையின் வாய் ஒன்று மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் புருஷன் முன்னுக்கு நின்று விலை பேசிக்கொண்டிருக்க, பெண்சாதி குசினிக்குள் அடுப்பைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய சீதன வீடு அது. அவன் கடனுக்கு விற்கிறான். தரகர் அவளைத் தாண்டிப் போய்க் குசினிச் சுவரையும் தட்டிப் பார்த்தார். நான் வெளியே வந்து துப்பினேன். தூ என்று சத்தமாகவே துப்பினேன்.

ஆனாலும் அந்தத் தரகரை நான் கை கழுவி விடவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு என்மேல் உள்ள கோபம்.

நாலாவது வீடு நாவற்குடாவில், ஆற்றைப் பார்த்த வளவு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, கல் கட்டின கிணறு, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், தண்ணிக்குள் இறங்குகிற நாலு படி. வெள்ளம் ஏறாத மேடு. அக்கம்பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடும் உத்தியோகத்தர் ஏராளம். விலையோ, அந்தப் பகுதியில் வெறும் காணிக்கே கேட்கிற விலை.

"ஏன் இவ்வளவு குறைவு?" என்றேன்.

"உறுதியில ஒரு சின்னச் சொல்லு இரிக்கு மிஸ்" என்றார் தரகர்.

காணி உறுதிப் பத்திரத்தில் இருந்த அந்தச் சொல் சீவிய உரித்து. தாய் தன்னுடைய வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தபோது, தானும் தன் புருஷனும் சாகும்வரை அதில் இருக்கும் உரிமையை ஒதுக்கி வைத்திருந்தாள். தாய் செத்துவிட்டாள். மகள் வெளிநாட்டில். தகப்பன் மட்டும் வீட்டில் இருக்கிறார்; நாங்கள் பார்க்கப் போன நேரம் ஆள் வெளியே போயிருந்தார். அறுபத்தெட்டு வயது, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"அந்தாள் இருந்தா நான் எப்பிடி வாடகைக்குக் குடுக்கிற?"

"என்ன மிஸ் நீங்க, ஊர் தெரியாத ஆள் மாதிரிக் கதைக்கிறீங்க? மனிசி போனாப் பிறகு ஆம்பிளைக்கு அந்த வீட்டில என்ன வேல? ஆள் மண்டூர். அங்க தங்கச்சி வீடு இரிக்கு. ஆண்டுத் திவசம் முடிய அவரே பெட்டியத் தூக்கிக்கு போயிருவார். இல்லாட்டியும்…" வெற்றிலையை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கினார். "சீனி வருத்தம் நல்லா முத்தின ஆள்."

கடைசி வசனத்தைக் கேட்டு எனக்கு அருவருத்தது என்று எழுத ஆசை. அப்போது அருவருக்கவில்லை. முதல் வசனம் எனக்கு அவ்வளவு நியாயமாகப் பட்டது. என் அப்பா சாகும்வரை நாங்கள் இருந்த வீட்டை "உங்கட அம்மாட வீடு" என்றுதான் சொன்னார். என் புருஷன் சண்டை வந்தால் இன்றைக்கும் "உன்ட வீட்ட நீயே வெச்சிரு" என்பார். ஆம்பிளை என்றால் வந்தவன். பெண் இல்லாமற் போனால் வந்தவன் கிளம்ப வேண்டியதுதானே? அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மகள் பத்து நாள் லீவில் வந்து, பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் கையெழுத்து வைத்தாள். நொத்தாரிசு என்னைப் பார்த்து இரண்டு தரம் கேட்டார். "அவர் உயிரோட இரிக்கு மட்டும் நீங்க குடியேறவும் ஏலாது, வாடகைக்குக் குடுக்கவும் ஏலாது. விளங்குதா?" விளங்குது என்றேன். படியிறங்கும்போது மகள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அப்பாக்கு இன்னும் சொல்லல்ல. நான் அங்க போய்ச் சேர்ந்து மறுகா சொல்லுறன்."

பத்து நாளும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். தகப்பன் ஆற்றில் பிடித்த மணலை மீனைப் பொரித்துத் தின்றிருக்கிறாள். இவள் என்ன பிள்ளை என்று எனக்குள் கொதித்தது. கொதித்துக்கொண்டே உறுதியைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தேன்.

திவசம் முடிந்து ஒரு மாதம் பொறுத்துவிட்டு, அளவு நாடாவும் கொப்பியுமாகப் போனேன். அவர் படியில் குந்தியிருந்து வீச்சுவலையில் ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் திக்கென்றது. மாதாமாதம் இரண்டாவது திங்கள் வரிசையில் முதல் ஆளாக நிற்கிற மனிதர். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பாத ஒரு சிலரில் ஒருவர். கையைத்தான் எனக்குத் தெரியும், வீடு தெரியாது.

"ஊசி குத்துற மிஸ் தானே? என்ன மகள், இஞ்சால?"

வெளிநாட்டு மகள் அவருக்குச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். வேறென்ன செய்ய? நாடாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னேன். அவர் கையிலிருந்த குண்டைக் கோத்து முடித்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு கோப்பையைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றி வந்தார்.

"சீனி இல்ல. வீட்டில வைக்கிறல்ல" என்றார்.

குடித்தேன். கசந்தது.

"மண்டூருக்குப் போவீங்க எண்டு சொன்னாங்க" என்றேன்.

"ஆர் சொன்ன?"

கோப்பையைப் படியில் வைத்தேன்.

"நான் போக மாட்டன் மகள். நாப்பது வருஷத்துக்கு முதல் பெட்டியோட வந்தவன். அந்தக் கிணத்துக் கல்லு நான் வெச்ச. இந்தப் படி நான் கட்டின. அங்க போனா நான் தங்கச்சிர புருஷன்ட வீட்டில விருந்தாளி. விருந்தாளியா ஒருக்காத்தான் போகலாம்." குரல் உயரவில்லை. "என்ட மனிசி எழுதி வெச்சிட்டுத்தான் போனவ. நீங்களும் வாசிச்சித்தானே வாங்கின?"

வாசித்துத்தான் வாங்கினேன்.

தரகருக்கு அழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருக்கு அது உறைக்கவில்லை. ஏச்சு வாங்கி வாங்கித் தோல் தடித்த மனிதர். அவரிடம் யோசனைகள் தயாராக இருந்தன. கரண்ட் பில் என் பேருக்கு மாற்றிவிட்டுக் கட்டாமல் விடலாம். கூரையைத் திருத்துகிறேன் என்று ஓட்டைக் கழற்றிவிட்டு மாரி முடியும்வரை ஆள் அனுப்பாமல் இருக்கலாம். பக்கத்து வளவில் இரண்டு குடிகாரரைக் குடியமர்த்தலாம். ஒவ்வொன்றையும் மீன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆனால் வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே, "ஆள் இப்ப எப்பிடி இரிக்கார்?" என்றும் கேட்டேன். அந்தக் கேள்வியை அடுத்த மாதமும் கேட்டேன்.

உண்மையில் எனக்குத் தரகரிடம் கேட்கவே தேவையில்லை. பெரியவருடைய இரத்தம் என் கையில்தான் இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, இரண்டாவது திங்களில் மற்ற எல்லாருடைய முடிவுத் தாளுக்கும் முன் அவருடைய தாளைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். சீனி ஏறியிருந்தால் ஒரு மாதிரி இருந்தேன், இறங்கியிருந்தால் வேறு மாதிரி இருந்தேன். எந்த மாதிரி என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எப்போதும்போல வந்து கை நீட்டினார். ஒருநாள் ஒரு பையில் இறால் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைச் சமைத்தேன், பிள்ளைகளும் புருஷனும் தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை.

"தண்ணி விடாய் கூட மகள். குடிக்கக் குடிக்க அடங்குதில்ல" என்றபடி கை நீட்டினார். நாக்கு வறண்டிருந்தது பேச்சிலேயே தெரிந்தது. இரத்தம் எடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் எண்ணைக் காட்டியது. வெறும் வயிற்றில் இருக்கக்கூடாத எண். எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. இந்த எல்லையைத் தாண்டினால் தாளை அச்சடிக்கும் முன்பே நோயாளிக்கு அழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை.

ரிசீவரை எடுத்தேன். திரும்ப வைத்தேன். பின்னால் போய் ஒரு பிளேன்ரீ ஊற்றி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடித்தேன்.

குடிக்கும்போது என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன் அறைக்கு இளநீலம் அடிப்பதா, வெள்ளை அடிப்பதா என்று யோசித்தேன். இளநீலம் அடித்தால் வாடகைக்கு வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

கோப்பை பாதியானபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. வாயில் இருந்த தேத்தண்ணியைத் தொட்டிக்குள் துப்பினேன். சீ, நீயும் ஒரு மனிசியா என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். செருப்போடு கழற்றி வைக்கச் சொன்ன சாமானை நான் எங்கே கழற்றி வைத்தேனோ, திரும்பப் போய் எடுக்கவேயில்லை.

அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கல்லடிப் பாலத்தில் லொறி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அந்த லொறிக்காரனை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஏசியது அவனை அல்ல.

அவர் ஆற்றங்கரைப் படியில் சாய்ந்து கிடந்தார். வலை பாதி தண்ணிக்குள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்து வேறு யாரோ பேரைச் சொன்னார். பெண் பேர். மனைவியுடையதாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். அவருடைய தலை என் தோளில் கிடந்து ஆடியது. மூச்சில் அழுகிய பழ வாசம். அது சீனி எல்லை மீறின வாசம் என்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். அரை மணித்தியாலம் முந்தி வந்திருக்க வேண்டியவள் நான் என்பதும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சேலைன் ஏற்றி, ஆளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்த பிறகு தாதி ஒருத்தி பத்திரத்தோடு வந்தாள்.

"நீங்க இவருக்கு ஆர்? சொந்தமா?"

அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"சொந்தக்காரி."

உறவுக்காரிக்கும் உடைமைக்காரிக்கும் எங்களிடம் அந்த ஒரே சொல்தான். தாதி அதைக் கேட்டு, உறவு என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

அடுத்த நாள் தரகர் அழைத்தார்.

"கேள்விப்பட்டன் மிஸ். ஆள் வார்ட்டில இரிக்காராம். இதுதான் நேரம். சாமான எடுத்து வெளிய வெச்சிட்டு, பூட்ட மாத்துவம். ஆள் வந்தா தங்கச்சிக்காரி வந்து கூட்டிக்கு போவா."

"இனிமே என்ட நம்பருக்கு எடுக்காதீங்க" என்றேன். "உங்கட மூஞ்சில முழிக்கவும் அருவருப்பா இரிக்கு."

அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மெல்லும் சத்தம் கேட்டது.

"மாசாமாசம் ஆள் எப்பிடி எண்டு கேட்ட நீங்கதானே மிஸ்? நான் என்ன, உங்கட மனசில உள்ளதத்தான் சொன்னன்" என்றார்.

நான்தான் அழைப்பைத் துண்டித்தேன்.

நாலு நாள் வார்ட்டில் இருந்தார். நாலு நாளும் பாணும் பருப்பும் கொண்டுபோனேன். வெளியே விட்ட அன்று ஓட்டோவில் கூட்டிவந்து வீட்டைத் திறந்து கொடுத்தேன். தண்ணிக்குள் கிடந்த வலையைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் காயப்போட்டிருந்தார். பெரியவர் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தார்.

வீட்டை விற்றுவிட யோசித்தேன். வேறொரு தரகர் மூலம் ஒருவர் வந்தார். ஆற்றையோ கிணற்றையோ அவர் பார்க்கவில்லை. "ஆளுக்கு என்ன வயசு? என்ன வருத்தம்?" என்று மட்டும் கேட்டார். என் வாயிலிருந்து வந்த கேள்விகளை இன்னொருவர் வாயில் கேட்டபோது அவ்வளவு நாறியது. விற்கவில்லை என்று அனுப்பிவிட்டேன். வாங்க வருகிற எவனும் இதைத்தான் கேட்பான். அதற்காக வீட்டைத் திருப்பிக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு நல்லவள் இல்லை நான். உறுதி இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. புருஷன் ஒன்றும் கேட்பதில்லை. ஊரில்தான் இப்போதும் கேட்கிறார்கள், அந்த வீடு ஆருக்கு என்று.

போன மாதம் இரண்டாவது திங்கள் அவர் வந்தார். கையை நீட்டினார். அவருடைய இரத்தத்தை என்னோடு வேலை செய்கிற மற்றப் பிள்ளையிடம் எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் மேசைக்கு முன்னால்தான் வந்து உட்கார்ந்தார். பின்னேரம் தாளுக்காகத் திரும்பி வந்தார்.

"எப்பிடி மகள்?"

"நல்லாக் குறைஞ்சிரிக்கு. இப்பிடியே மருந்து எடுங்க" என்றேன்.

சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணை இயந்திரத்தில் பார்த்த கணத்தில் எனக்குள்ளும் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. ஒரு சொட்டுத்தான். ஆனாலும் இறங்கியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும், அந்தத் திங்கட்கிழமைக்கும் முன்பே.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப நீங்க இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கோணும், சொந்தக்காரி" என்றார்.

சிரிக்கவில்லை. அடுத்த மாதத்துக்கும் இரத்தம் எடுக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.